வீட்டுப் பராமரிப்புப் பணியாளர் சங்கத் தேர்தல்

முதியோர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை அவரவர் வீட்டில் கவனித்துக்கொள்ளும் பணியாளர்கள், தங்களுக்காக ஊதியம் பேசும் சங்கத்தை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை.

இதன் முதன்மையான வரலாறு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1987இல் சர்வீஸ் எம்ப்ளாயீஸ் இன்டர்நேஷனல் யூனியன் அங்கே பணியாளர்களைத் திரட்டத் தொடங்கியது. கூலி அரசுப் பணம். ஆளை வைப்பதும் நீக்குவதும் பராமரிப்பு பெறுபவர். அப்படியானால் முதலாளி யார்? மாவட்ட நிர்வாகம் முதலாளி அல்ல என்று 1990இல் நீதிமன்றம் கூறிவிட்டது. சங்கம் சோர்ந்துவிடாமல் சட்டமன்றத்தை நாடியது. மாவட்டங்கள் பொது ஆணையம் அமைத்து, அதையே பேச்சுவார்த்தைக்குரிய முதலாளியாகக் கொள்ள வழி பிறந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 1997இல் ஆணையம் அமைந்தது. 1999 பிப்ரவரியில் அஞ்சல் வாக்கெடுப்பு முடிந்தபோது சுமார் 74,000 பேருக்குச் சங்கம் பிரதிநிதியானது. பெரும்பாலோர் பெண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள். தொழிற்சங்க வரலாற்றில் இது மகத்தான வெற்றி.

இந்தியாவில் ஏழு பேர் விண்ணப்பித்துச் சங்கம் பதிய 1926ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தது. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, 51 விழுக்காட்டினரின் ஆதரவுள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கிறது. ஆனால் ‘தொழில்’ என்பதிலிருந்து வீட்டுப் பணியை அது விலக்கிவிட்டது. இவ்விலக்கு அநீதியானது.

ஆலைத் தொழிலாளர் நிலை வேறு. திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர்ப் பகுதி ஆயத்த ஆடை ஆலைப் பெண்கள், 2022 ஏப்ரலில், பாலின வன்முறையைத் தடுக்கும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ பெற்றனர். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் அதில் கையெழுத்திட்டன. ஆலைக்கு வாயிற்கதவும் வருகைப் பதிவேடும் உண்டு. நகரில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணோ, இரண்டு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு, மூன்றாம் வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியவரைப் புரட்டிப் படுக்கவைத்து, உடம்பு துடைத்து, கஞ்சி புகட்டிவிட்டுத் திரும்புகிறார். அவர் பெயர் எந்த முதலாளியின் ஏட்டிலும் ஏறுவதில்லை.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இல் அமைந்தது. 2018இல் குறைந்தபட்சக் கூலியும் அறிவிக்கப்பட்டது. வாரியத்தின் உறுப்பினர் பதிவேட்டையே வாக்காளர் பட்டியலாகக் கொண்டு தேர்தல் நடத்தலாம். அதற்கு, வாரியத்தை முதலாளித் தரப்பாக ஏற்கும் சட்டத்திருத்தம் தேவை.