அடைத்த வாயிலும் மாற்று வழியும்

சென்ற ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு சனிக்கிழமை, பங்கின் இளையோர் சிலரை அழைத்துக்கொண்டு திருவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள செண்பகத்தோப்புக்குப் புறப்பட்டேன். விடியலில் திருப்பலி முடித்து, புளியோதரைப் பொட்டலங்களோடு மலையடிவாரம் சேர்ந்தபோது வழியின் குறுக்கே சங்கிலி போடப்பட்டிருந்தது. தீப்பருவம், உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை என்று காவலர் பணிவாகவே கூறினார். முன்கூட்டியே விசாரிக்காமல் வந்தது என் பிழை. தோப்பு ஓரத்து மாமர நிழலில் அமர்ந்து பொட்டலங்களைப் பிரித்தோம். அப்போது ஓர் இளைஞன் கேட்டான்: “இந்தக் காடு யாருக்குச் சொந்தம், சாமி? பூட்டு வைத்திருப்பவர்களுக்கா?”

உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை. குருமடத்தில் இறையியல் கற்றவனுக்கு, படைப்பு அனைத்தும் இறைவனுக்கே உரியது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. ஆனால் அவன் கேட்டது அந்தச் சங்கிலியைப் பற்றி. சங்கிலிக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலைச் சரிவுகளில் காவல் வாயில் இருந்ததில்லை, வழிகள் இருந்தன. தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் அடியார் வழி, செண்பகத்தோப்பிலிருந்து காட்டழகர் கோவிலுக்குச் செல்லும் வழி, மலைமுகட்டைக் கடந்து வருசநாட்டுப் பள்ளத்தாக்கிற்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் எனப் பல. தேன், கிழங்கு, மருந்து வேர் ஆகியவற்றைச் சேகரித்து வாழ்ந்த பளியர்களின் கால்களே இவற்றில் பலவற்றை முதலில் அறிந்தவை. சேத்தூர், சிவகிரி ஜமீன்களும் இம்மலைத்தொடரின் சரிவுகளில் உரிமை கொண்டாடின. மலைக்கு அப்பால் திருவிதாங்கூர். அந்நாட்டை 1816 முதல் 1820 வரை அளந்து எழுதிய வார்டு, கானர் என்னும் இரு ஆங்கிலேயப் படையதிகாரிகள் கணவாய்களையும் காட்டு வழிகளையும் பொறுமையாகக் குறித்து வைத்தனர். அக்காலத்தில் மலை என்பது இரு நாடுகளுக்கு இடையே எழுந்த சுவராக மட்டும் இருக்கவில்லை. மக்கள் ஏறி இறங்கும் படியாகவும் இருந்தது.

பூட்டு வந்தது 1882-இல். இரயில் பாதைக்கும் கப்பலுக்கும் மரம் தேவைப்பட்ட ஆங்கில அரசு, 1864-இல் தீத்ரிக் பிராண்டிஸ் என்னும் செருமானியரை இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராக்கியது. சென்னை மாகாணத்துக்கென 1882-இல் தனி வனச் சட்டம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று இங்கே உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இத்தகைய சட்டத்தைத் தடுத்து நின்றவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். சென்னையில் அமர்ந்திருந்த அரசின் வருவாய் வாரியத்தாரே. கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக விறகும் மேய்ச்சலும் பெற்றுவந்த காடுகளில் அவர்களுக்கு உரிமை உண்டு, அதை ஒரே கையெழுத்தில் இல்லையென்று ஆக்கிவிட இயலாது என்பது அவர்கள் வாதம். வாதம் இறுதியில் தோற்றது. ஆயினும் முற்றிலும் வீணாகவில்லை. ஒரு காட்டை ஒதுக்கீட்டுக் காடாக அறிவிக்கும் முன், கிராமங்களில் அறிவிப்புச் செய்து, உரிமை கோருவோரை அதிகாரி ஒருவர் விசாரித்தாக வேண்டும் என்று சட்டம் கூறியது. மேய்ச்சல் உரிமை, காட்டு விளைபொருள் உரிமை, நீரோடை உரிமை ஆகியவற்றோடு வழிநடை உரிமையும் அவ்வாறு கோரத்தக்க ஒன்றாக இருந்தது.

நடப்பது ஓர் உரிமை! எழுதப் படிக்கத் தெரியாத பளியர் ஒருவர் குறித்த காலத்துக்குள் அந்த அதிகாரியின் முன் நின்று “இது என் பாட்டன் நடந்த வழி” என்று எவ்வாறு மெய்ப்பித்திருப்பார் என்பது வேறு கேள்வி.

பின்னர் 1927-இல் வந்த இந்திய வனச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, ஒதுக்கீட்டுக் காட்டில் உள்ள எந்த வழியையும் அதிகாரி அடைக்கலாம் என்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: போதிய வசதியுள்ள மாற்று வழி ஏற்கெனவே இருக்க வேண்டும், அல்லது அமைத்துத் தரப்பட வேண்டும். நம் மாகாணம் தன் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தையே தொடர்ந்து கைக்கொண்டதால் இப்பிரிவு நமக்கு நேரடியாகப் பொருந்தியதன்று. எனினும் அதைப் படித்தபோது, புளியோதரைப் பொட்டலத்துடன் சங்கிலி முன் நின்ற எனக்குச் சற்றே சிரிப்பு வந்தது. மாற்று வழி எங்கே என்று நான் அந்தக் காவலரைக் கேட்டிருக்கலாம்!

விடுதலைக்குப் பின் 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன்தார்கள் காடுகளை அவசரமாக வெட்டி விற்றுவிடாதபடி தடுக்க 1949-இல் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அந்த இரண்டாம் சட்டம் இல்லையேல் மேற்குச் சரிவுகளில் இன்று நாம் காணும் பசுமையில் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. எனவே பூட்டுப் போட்டவர்கள் அனைவரும் கொடியவர், வெளியே நிற்பவர் அனைவரும் ஏமாற்றப்பட்டவர் என்று எழுதுவது நேர்மையாகாது.

அதன் பின்னர் வந்தது அணில். தலை முதல் வால் நுனி வரை ஏறத்தாழ இரண்டரை அடி நீளமுள்ள, நரைத்த மயிருடைய சாம்பல் நிற மலையணில், தென்னிந்தியாவில் ஒருசில இடங்களிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது. அதன் பொருட்டு 1988 டிசம்பரில், மாவட்டம் காமராசர் பெயரைத் தாங்கியிருந்த நாட்களில், ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பு சரணாலயமாக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலைச் சரணாலயத்தோடு இணைக்கப்பட்டு, 1,016 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட புலிகள் காப்பகமாயிற்று. தமிழகத்தில் இது ஐந்தாவது, இந்தியாவில் 51-ஆவது. வைகை பிறக்கும் வருசநாட்டு மலைகளும் இதற்குள் அடங்கும். மதுரையில் குழாயைத் திறப்பவர்கள் இதை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கலாம்.

பூட்டு இறுகியதற்கு விலங்குகள் மட்டும் காரணமல்ல, சாவுகளும் காரணம். 2015 மே மாதத்தில் சதுரகிரி ஓடைகளில் திடீரெனப் பெருகிய காட்டு வெள்ளம் வழிபாட்டுக்குச் சென்றோர் பலரை அடித்துச் சென்றது. அதன்பின் பல ஆண்டுகள், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டுமே மலையேற விட்டனர். 2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அவர்களிற் பலர் இளம் வயதினர்; எங்களைப் போலவே வார இறுதியில் புறப்பட்டவர்கள். நாங்கள் சங்கிலி முன் நின்றதும் ஒரு மார்ச்சு மாதத்திலேயே. இதை மர நிழலில் இளையோரிடம் சொன்னபோது, அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் அமைதியாயினர். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைநடைப் பாதைகளைத் தேர்ந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடும் முன்பதிவோடும் திறந்தது. 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அவையும் தீப்பருவத்துக்காக மூடப்பட்டன.

அப்படியானால் நடக்க விரும்புவோர் என்ன செய்வது? நடையின் பொருட்டே மலையேறுவது என்பதே புதிய வழக்கம். நம் முன்னோர் விறகுக்கும் வழிபாட்டுக்கும் வணிகத்துக்கும் ஏறினர்; பொழுதுபோக்குக்கு ஏறவில்லை. ஐரோப்பாவில் 1336-இல் வாந்தூ மலையில் ஏறிய கவிஞர் பெத்ரார்க்கைச் சுட்டி, காட்சிக்காகவே மலையேறியவர்களில் முன்னோடி என்பர். பிற்காலத்தில் பதினோராம் பயஸ் திருத்தந்தையான அக்கில்லே ராத்தி, 1889-இல் மோந்தே ரோசாவின் கடினமான கிழக்கு முகத்தில் ஏறியவர். திருத்தந்தையானபின் அவரால் எந்த மலையிலும் ஏற இயலவில்லை. 1929-இல் இலாத்தரன் உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை வத்திக்கானை விட்டு வெளியே வருவதில்லை என்பது அன்றைய திருத்தந்தையரின் நிலைப்பாடு. ஆல்ப்ஸ் சிகரங்களை அறிந்த அந்த மனிதர் பல ஆண்டுகள் வத்திக்கான் தோட்டத்துக்குள் நடந்திருக்கிறார்.

எங்களுக்குத் தோட்டத்தைவிடச் சற்று அதிகமாகவே வாய்த்திருக்கிறது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் கண்டறிந்தவற்றைச் சொல்கிறேன்.

இராசபாளையத்துக்குக் கிழக்கே, ஊரை ஒட்டியே சஞ்சீவி மலை நிற்கிறது. அனுமன் சுமந்து சென்ற மலையிலிருந்து சிதறி விழுந்த துண்டு என்பது ஊரார் கதை. உச்சியில் முருகன் கோவில். வெயில் ஏறுமுன் ஏறி இறங்கிவிடலாம். மேலிருந்து பார்த்தால் நூற்பாலைகளும் அவற்றைச் சுற்றி வளர்ந்த தெருக்களும் தெரியும். 1936-இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா முதல் ஆலையைத் தொடங்கியபோது இந்நகரின் போக்கே மாறியது. மேற்கே திரும்பினால் மலைத்தொடர் முழுவதும் ஒரே பார்வையில் அடங்குகிறது. காட்டுக்குள் நுழைந்தால் மரங்கள்தாம் தெரியும். மலையைக் காண மலையை விட்டு விலகி நிற்க வேண்டும் என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

திருவில்லிபுத்தூருக்கு அருகே திருவண்ணாமலை என்றே பெயர் கொண்ட சிறு குன்று உண்டு. உச்சியில் சீனிவாசப் பெருமாள் கோவில். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் நிரம்பி வழியும். அந்நாட்களைத் தவிர்த்தால் படிகளும் காற்றும் நமக்கே. பிற சமயத்தாரின் வழிபாட்டிடம் என்பதால் கால்சட்டையும் கூச்சலுமாக ஏறலாகாது என்று எங்கள் பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லி வைத்தேன். படியில் உட்கார்ந்திருந்த ஒருவர் எங்கள் கழுத்துச் சிலுவைகளைப் பார்த்துவிட்டு, தம் கையிலிருந்த வெள்ளரிப் பிஞ்சுகளைப் பங்கிட்டுக் கொடுத்தார்.

இராசபாளையத்துக்கு மேற்கே அய்யனார்கோவில் செல்லும் சாலையில் நகரின் குடிநீருக்கான ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வரை காலையில் நடப்பது இனிமை. அதற்கு மேல் அவ்வப்போதைய அனுமதியைக் கேட்டறிய வேண்டும். வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணைகளுக்குச் செல்லும் வழி வயல்களும் தென்னந்தோப்புகளுமாய் நீள்கிறது. கண்மாய்க் கரைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிழலும் நீரும் ஒருங்கே வேண்டுவோர் கார்த்திகையில் எந்தக் கரையில் நடந்தாலும் குறைப்பட மாட்டார்கள்.

செண்பகத்தோப்புச் சாலையை நான் இறுதிக்கு வைத்தேன். சங்கிலிக்கு இப்பால் உள்ள மாந்தோப்புகளும் புளியந்தோப்புகளும் தனியாருக்குச் சொந்தம். சாம்பல் அணிலுக்கு அது தெரியாது. கிளைக்குக் கிளை தாவி, தரையைத் தொடாமல், சரணாலய எல்லையைக் கடந்து அது தோப்புகளுக்குள் வந்து மாங்கனி உண்டு திரும்புகிறது. உள்ளே போக எங்களுக்கு அனுமதி இல்லை. வெளியே வர அதற்குத் தடை இல்லை. சாலையோரத்தில் அரைமணி நேரம் வாய்மூடி நின்றால் போதும். எங்கள் இளையோருக்கு அந்த வாய்மூடலே மலையேற்றத்தினும் கடினமாக இருந்தது. இரண்டாம் முறை சென்றபோது கண்டோம். வால் முதலில் தெரிந்தது.

காட்டின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் வாழ்வுரிமையை எழுத்தில் ஏற்றுக்கொண்டது. எழுத்து அடிவாரக் குடியிருப்புகளை எந்த அளவுக்கு எட்டுகிறது என்பதை அங்குள்ள பளியர்களைக் கேட்டே அறிய வேண்டும். நாங்கள் இழந்தது ஒரு சனிக்கிழமை நடை. அவர்கள் இழந்ததோடு அதை ஒப்பிட எனக்கு நாணமாக இருக்கிறது.

எங்கள் பங்கில் எழுபது கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். இளவயதில் மலையிலிருந்து சுள்ளி சுமந்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். பிடிபட்டால் அரிவாளைப் பறித்துக்கொள்வார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சென்ற மாதம் கண்மாய்க் கரை நடைக்குத் தாமும் வருவதாகச் சொல்லி வந்துவிட்டார். பாதி வழியில் நின்று, நெற்றியில் கைவைத்து மேற்கே நோக்கினார்.

“அந்த ரெண்டு முகட்டுக்கும் நடுவாலதான் சாமி எங்க தடம். கீழ இருந்தே வெள்ளையாத் தெரியும். இப்ப மூடிப்போச்சு.”

வருத்தமாகச் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படித் தோன்றவில்லை. “மரம் நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற பையனிடம் தண்ணீர் கேட்டார்.