கண்ணிழந்தோர்க்குக் கண்ணான நாய்

நாய் வேட்டைக்குத் துணை, வீட்டுக்குக் காவல் என்பதை நாம் நெடுங்காலமாக அறிவோம். பார்வையற்றோரை வழிநடத்தும் கடமையை அதற்கு முறையாகக் கற்பிக்கத் தூண்டியது முதல் உலகப் போராகும். போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக, 1916ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் டாக்டர் ஸ்டாலிங் முதற்பள்ளியை நிறுவினார்.

பின்னர், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த டாரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்க மாது, ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை அழகுக்காக அன்றி, அறிவுக்கும் குணத்துக்குமாகத் தேர்ந்து வளர்த்தார். 1927இல் அவர் எழுதிய கட்டுரையை அறிந்த மாரிஸ் பிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞர், அங்குச் சென்று பயின்றார். 1928இல் ‘பட்டி’ என்று பெயரிட்ட நாயுடன் திரும்பி, நியூயார்க்கின் நெருக்கடி மிக்க தெருவைக் கடந்து காட்டினார். 1929இல் அமெரிக்காவிலும் பள்ளி அமைந்தது.

தேர்ந்த வளர்ப்பு எதற்கு? பேரொலிக்கு அஞ்சும் நாய் நடுத்தெருவில் தலைவரைத் தவிக்கவிடும். இடுப்பு மூட்டு நோய் மரபில் உள்ள நாய் விரைவில் ஓய்ந்துவிடும். ஆகவே தாய் தந்தையரின் நலத்தையும் குணத்தையும் தலைமுறைதோறும் ஆராய்ந்தே இணை சேர்க்கின்றனர். தலைவர் ‘செல்’ என்று ஆணையிட்டாலும், எதிரே வண்டி வருமாயின் அசையாது நிற்பதே இந்நாயின் மேலான கல்வி.

நம் நாட்டில் இத்தகைய நாய்கள் மிக அரியன. பென்னலூர் வழியாகச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வதில்லை. அதற்குக் கிழக்கே, பூந்தமல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி உள்ளது. அங்குப் பயில்வோர்க்கு வேண்டுவது இரக்கமன்று. தாமே நடந்து செல்லும் உரிமை. நடைபாதையை மறிக்காதிருத்தலும், கடமையிலுள்ள நாயைக் கொஞ்சாதிருத்தலும் அவ்வுரிமைக்கு நாம் செய்யும் எளிய உதவியாகும்.