அரசுப் பதவியை உதறியவர்.. போபால் வழக்கில் வருந்தியவர்! யார் இந்த ஃபாலி நாரிமன்?

2014ல் சொத்துக்குவிப்பு வழக்கில் சிறையில் இருந்த ஜெயலலிதாவுக்கு உச்ச நீதிமன்றத்தில் ஜாமீன் வாங்கித் தந்தாரே, அந்த சீனியர் வக்கீல்தான் ஃபாலி நாரிமன். காவிரி வழக்கிலோ பல ஆண்டுகள் கர்நாடகாவின் குரல் அவர்தான்!

1929ல் ரங்கூனில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர். 1950ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். 1972ல் மத்திய அரசின் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் ஆனார். 1975 ஜூனில் இந்திரா காந்தி அரசு எமர்ஜென்சி கொண்டுவந்ததும், பதவியை ராஜினாமா செய்துவிட்டார்.

ஆனா, 1984 போபால் விஷவாயு வழக்கில் அவர் நின்றது யூனியன் கார்பைடு நிறுவனத்தின் பக்கம். 1989ல் 47 கோடி டாலர் இழப்பீட்டோடு வழக்கு சமரசமானது. 'இப்படியெல்லாம் ஆகும்னு முன்பே தெரிந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன்' என்ற அர்த்தத்தில் பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

2016ல் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் திறக்கச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவை கர்நாடகா நிறைவேற்றவில்லை. அந்த நிலையில் கர்நாடகாவுக்காக வாதாட முடியாது என்று நீதிமன்றத்திலேயே சொல்லிவிட்டார் நாரிமன்.

யாருக்காகவும் வாதாடலாம், ஆனால் கோர்ட் உத்தரவை மீறுவதற்குத் துணை போகக் கூடாது. இதுதான் அவர் போட்டுக்கொண்ட கோடு. 2024 பிப்ரவரி 21ல், 95 வயதில் காலமானார்.