உரம் விற்ற காசில் ஒரு கணிதக் கூடம்

சாயர்புரத்துக்கு வடகிழக்கே, தூத்துக்குடிக் கடலோரத்தில் நிற்கிறது ஸ்பிக் உர ஆலை. 1969-ல் தொடங்கி, தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் எம்.ஏ. சிதம்பரம் குழுமமும் கூட்டுச் சேர்ந்து வளர்த்த நிறுவனம் அது. 1974-ல் தூத்துக்குடிப் புதிய துறைமுகம் பெருந்துறைமுகம் ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் ஆலையிலிருந்து யூரியா மூட்டை வெளியே வரத் தொடங்கியது. தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போடுகிறவர்களுக்கு ஸ்பிக் என்றால் உர மூட்டைதான். அந்த மூட்டை விற்ற காசில் ஒரு பங்கு சென்னைக்குப் போய் ஒரு கணித ஆய்வு நிறுவனத்துக்கு முதலாக நின்ற சங்கதி ஊருக்குள் அதிகம் பேசப்படுவதில்லை.

அந்தப் பணத்தில் நிறுவனத்தை எழுப்பியவர் சி.எஸ். சேஷாத்ரி. 1932-ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். சென்னை லயோலா கல்லூரியில் படித்தபோது அங்கே கணிதம் நடத்தியவர் பிரெஞ்சுப் பாதிரியார் சார்லஸ் ரசீன். பாரிஸில் நடந்துகொண்டிருந்த புதிய கணிதத்தைத் தன் மாணவர்களுக்குக் காட்டி, அவர்களைப் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பியவர். அப்படி 1953-ல் பம்பாய் போன சேஷாத்ரி, இன்னொரு லயோலா மாணவரான எம்.எஸ். நரசிம்மனோடு சேர்ந்து 1965-ல் நிறுவிய தேற்றம் இன்றும் இருவர் பெயராலேயே வழங்குகிறது. 1984-ல் சென்னை திரும்பி, தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அரசுப் பணம் இருந்தது, மாதச் சம்பளம் உறுதி. ஆனால் அவர் மனசில் வேறொன்று இருந்தது. நம் நாட்டில் பாடம் நடத்துவது கல்லூரி, ஆராய்ச்சி செய்வது தனி நிறுவனம் என்று இரண்டும் தனித்தனியே பிரிந்து கிடந்தன. தேற்றம் கண்டுபிடிக்கிறவரே பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளைக்கும் பாடம் எடுக்க வேண்டும் என்பது சேஷாத்ரியின் ஆசை.

1989-ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ், தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில், அவர் தலைமையில் கணிதப் பள்ளி ஒன்று தொடங்கியது. அப்போது ஸ்பிக்கை நடத்தியவர் ஏ.சி. முத்தையா. உரக் கம்பெனி விதை ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் கணக்குப் புரியும். சேஷாத்ரியின் துறையான இயற்கணித வடிவியலில் விற்கவும் ஒன்றுமில்லை, காப்புரிமை எடுக்கவும் ஒன்றுமில்லை. கணிதத்துக்குப் பெரிய எந்திரமோ உலையோ தேவையில்லை. கரும்பலகை போதும் என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். நல்ல ஆட்களுக்குச் சம்பளம், ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை, வெளியூர் அறிஞர் வந்து தங்க வசதி, டாலரில் விலை வைக்கும் ஆய்விதழ்கள் எல்லாம் வேண்டும். 1991-ல் ரூபாய் மதிப்பு இறங்கியபோது ஒரே இதழுக்கு முன்னைவிட அதிக ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆக, கணிதத்துக்கு வேண்டிய பணம் சிறியது. ஆனால் ஒரு வருடம்கூட நிற்காமல் வர வேண்டும்.

நின்றால் என்ன ஆகும் என்பதைச் சென்னை முன்பே பார்த்திருந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1950 வாக்கில் ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கி, டி. விஜயராகவனை அதன் இயக்குநராக வைத்தார். 1957-ல் அழகப்பர் மறைந்ததும் நிறுவனம் மூடும் நிலைக்கு வந்தது. வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் எடுத்துச் சொன்ன பிறகே சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்று நடத்தியது. கொடுத்த கை தாராளமானதுதான், ஆனால் அது ஒற்றைக் கை.

சேஷாத்ரியின் நிறுவனம் வேறு வழியில் போனது. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நடுவதுபோல, 1996-ல் அறக்கட்டளையிலிருந்து பிரிந்து, ஸ்பிக் கணித நிறுவனம் என்ற பெயரில் தனித்து நின்றது. 1998-ல் அந்தப் பெயரும் மாறி, சென்னைக் கணித நிறுவனம் ஆனது. முதல் போட்டவர் பெயர் பலகையிலிருந்து இறங்கியதைச் சிலர் நன்றிகேடு என்று நினைக்கலாம். எனக்கு அது கொடையின் இரண்டாவது பாதியாகவே தெரிகிறது. ஒரு கம்பெனியின் பெயர் மாட்டியிருக்கும் வாசலில் இன்னொருவர் பணத்தோடு வந்து நிற்கத் தயங்குவார்.

மற்றவர்கள் வந்தார்கள். அணுசக்தித் துறை 1983-ல் அமைத்த தேசிய உயர்கணித வாரியத்தின் மானியம் வந்தது. ஸ்ரீராம் குழுமமும், பின்னர் இன்போசிஸ் அறக்கட்டளையும் கை கொடுத்தன. இளநிலைப் படிப்பும் 1998-லேயே தொடங்கிவிட்டது. பட்டம் வழங்கும் உரிமை அப்போது இல்லாததால் மத்தியப் பிரதேசத்தின் போஜ் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. 2005-ல் சென்னையை அடுத்த சிறுசேரியில் ஐந்து ஏக்கரில் சொந்த வளாகம். 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி.

அடுத்த வருடமே, 2007-ல், தூத்துக்குடி ஆலையில் பண நெருக்கடியால் யூரியா உற்பத்தி நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியது 2010-ல்தான். சிறுசேரியில் வகுப்புகள் தொடர்ந்து நடந்தன. ஒரே பணப்பையை நம்பியிருந்தால் அழகப்பர் காலத்துக் கதை திரும்பியிருக்கும்.

சாயர்புரத்துக்குக் கல்வி புதிதல்ல. 1840-களில் ஜி.யு. போப் வந்து பள்ளி நடத்திய ஊர் இது. அவர் பெயரில் 1962 முதல் கல்லூரியும் இருக்கிறது. இங்கே கணிதம் படிக்கிற பிள்ளைக்கு உயர்கணித வாரியத்தின் உதவித்தொகை உண்டு. அதே வாரியப் பணத்தில் 1993 முதல் நடக்கும் கோடைக்காலக் கணிதப் பயிற்சி முகாமும் உண்டு. ஆனால் முகாமுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பிள்ளையிடம் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும், போகிற அளவுக்குத் தயார் செய்ய ஒரு நூலகம் வேண்டும். துறைமுகத்தைச் சுற்றி இன்று எத்தனையோ ஆலைகள். அவற்றில் ஒன்று பத்து வருடத்துக்குச் செலவை ஏற்று, பதினோராம் வருடம் பெயரையும் பிடியையும் விட்டுவிடச் சம்மதித்தால், அடுத்த கணிதக் கூடத்துக்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை.