கண்டிச் சீமையும் ரக்பியும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் ரக்பி ஆடியவர்களைப் பார்ப்பது அபூர்வம். அணிக்குப் பதினைந்து பேர், முட்டை வடிவப் பந்து, கையில் தூக்கிக்கொண்டே ஓடலாம், எதிரணிக்காரர் பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளலாம். இங்கிலாந்தில் வசதி படைத்தவர்களின் பள்ளிகளில் வளர்ந்த ஆட்டம். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தோழர்கள் இலங்கை மலையகத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1879 ஜூனில் கொழும்பு ஃபுட்பால் கிளப் தொடங்கியது. பெயரில்தான் ஃபுட்பால், ஆடியது ரக்பி. அதே மாதத்தில் முதல் போட்டியும் நடந்தது. பிறகு மலைநாட்டில் திக்கோயா, திம்புலை, ஊவா என்று தோட்டத் துரைமார்களின் கிளப்புகளும் ஆடத் தொடங்கின. வாரம் முழுக்கத் தோட்டத்தில் அதிகாரம், விடுமுறையில் மைதானம்.

அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் யார்? திருச்சி, சேலம், தஞ்சாவூர், அன்று கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பிக் கடல் தாண்டியவர்கள். அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்ததில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்களைக் கங்காணியின் கடன் கட்டிப்போட்டது. கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒருவர் தோட்டம் மாற முடியாது. கங்காணிகளில் பலர் ஆதிக்கச் சாதியினர். ஊரில் இருந்த சாதி, கப்பலேறி லயத்துக்கும் வந்துவிட்டது.

இனி பள்ளிக்கூடங்கள். கண்டியில் 1891-இல் கிங்ஸ்வுட் கல்லூரியைத் தொடங்கிய எல்.இ. பிளேஸ் மாணவர்களுக்கு ரக்பியைக் கற்றுக்கொடுத்தார். 1906-இல் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் மோதின. இலங்கையில் இரு பள்ளிகளுக்கிடையே நடந்த முதல் ரக்பிப் போட்டி அதுதான். சமநிலையில் முடிந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று துரைமார்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அடுத்த ஆண்டுதான், 1907-இல் வந்தது. அதுவும் 6 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மட்டும். பத்து வயதுக்கு மேல் கொழுந்துக் கூடைதான். ரக்பி ஆடும் வயது அதற்குப் பிறகல்லவா வருகிறது!

கொழும்பு கிளப்பில் ஐரோப்பியர்களுக்கு மட்டுமே இடம். அதனால் 1922-இல் இலங்கையர்கள் தங்களுக்கென சி.ஆர். அண்ட் எஃப்.சி. என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். வெள்ளையனின் ஆட்டத்தில் வெள்ளையனையே எதிர்கொண்ட கதையாக இது பெருமையோடு சொல்லப்படுகிறது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுதேசி அணிக்கு ஆள் கொடுத்தவை கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பள்ளிகள். நிறவெறிக்கு எதிரான கோடு, லயத்துக்கு வெகு தூரம் முன்பாகவே நின்றுவிட்டது. துண்டு முறை ஒழிக்கப்பட்டதே 1921-இல்தான்.

பல்வாங்கர் பாலுவை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. பூனாவில் ஐரோப்பியர் கிளப்பில் மைதான வேலை பார்த்தவர், துரைமார்களுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசி வீசியே பெரிய பந்துவீச்சாளரானார். கிரிக்கெட்டில் துரைக்குப் பந்து வீச ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒருவர்மேல் ஒருவர் உடம்பு உரசி விழும் ரக்பிக்கு அப்படி ஒரு வேலையாள் தேவையில்லை. அந்தச் சின்னக் கதவுகூட இந்த ஆட்டத்தில் கிடையாது என்பது என் கணிப்பு.

1945-இல் ராயல், டிரினிட்டி கல்லூரிகளுக்கிடையே பிராட்பி கேடயப் போட்டி தொடங்கியது. இன்றும் ஆயிரக்கணக்கானோர் கூடும் திருவிழா அது. தொடங்கி மூன்றே ஆண்டில், 1948 குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்கள் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. திரும்பியவர்களில் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலைதான் பறித்தார்கள்.

நம் பகுதிப் பெரியவர்கள் இலங்கையைக் ‘கண்டிச் சீமை’ என்பார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது போயிருந்தால் தோட்டத்தின் பெயர், கங்காணியின் ஊர், திரும்பிய ஆண்டு எல்லாவற்றையும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். கண்டிப் பள்ளிகளின் ஆட்டக் கணக்கு 1906 முதல் பத்திரமாக இருக்கிறது.