கூடலூர் கிழாரும் மலைத்தோட்டத்து எரிமீன்களும்

பங்குனித் திங்களின் ஓர் இரவில் விண்மீன் ஒன்று எரிந்து வீழக் கண்டார் கூடலூர் கிழார். ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை உயிர் நீத்தான். அத்துயரைப் புறநானூற்று 229ஆம் பாடல் கூறுகிறது. அப்பாடலில் இரு கூறுகளைக் காண்கிறோம். வேந்தனுக்குத் தீங்கு நேருமோ என்னும் அச்சம் ஒன்று. அவ்வேளையில் எந்த நாள்மீன் உச்சியினின்று சாய்ந்தது, எது எழுந்தது, எது தாழ்ந்தது எனக் குறித்துவைத்த நுட்பம் மற்றொன்று.

இவற்றுள் மக்கள் வழக்கில் நிலைத்தது அச்சமே. எரிமீனைக் கண்டவர் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்பர் சிற்றூர் மக்கள். கேமரன் மலையில் 1929இல் ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளில் உழைக்க வந்த தமிழர்க்குப் பசுமைக்குக் குறைவில்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் செல்வோர்க்கு எரிமீன் காணும் வாய்ப்பும் மிகுதி. நள்ளிரவுக்குப் பின், பூமி விரைந்து செல்லும் திசையை நோக்கி நம் வானம் திரும்புகிறது. எதிர்ப்படும் துகள்கள் காற்றிற் புகுந்து ஒளிர்கின்றன.

அச்சம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1833 நவம்பரில் வட அமெரிக்க வானில் எரிமீன்கள் மழையெனப் பொழிந்தபோது, உலகின் முடிவு வந்ததென்று பலர் நடுங்கினர். ஓம்ஸ்டெட் என்னும் பேராசிரியரோ கண்டவர்களின் குறிப்புகளைத் திரட்டினார். அவையனைத்தும் சிம்ம மீன்கூட்டத்தின் ஒரு புள்ளியிலிருந்து விரிவனபோல் தோன்றியதை உணர்ந்தார். ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் டெம்பல்-டட்டில் வால்மீன் விட்டுச்சென்ற துகள்களே அவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மக்நாட், ஆஷர் ஆகிய இருவரும் அத்துகள் தாரைகளின் பாதையைக் கணித்து முன்னுரைத்தனர். அவ்வாறே 2001 நவம்பரில் கிழக்காசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிம்மப் பொழிவு நிகழ்ந்தது. குறிப்பெடுத்தோரின் உழைப்பே அச்சத்தை அறிவாக்கிற்று.

கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரைப் பாகையில் உள்ளது. ஆதலின் வடவானப் பொழிவும் தென்வானப் பொழிவும் அங்குப் புலப்படும். மே மாதத் தொடக்கத்தில், விடியுமுன், ஹாலி வால்மீனின் துகள்கள் கும்ப மீன்கூட்டத்தின் திசையிலிருந்து வருகின்றன. டிசம்பர் 13, 14ஆம் நாள் இரவுகளில் மிதுனப் பொழிவு உச்சமடைகிறது. அதன் தாய் வால்மீனன்று. 1983இல் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்னும் சிறுகோள்.

ஆயினும் தடைகள் உள. பருவமழை மேகமும் மலைமூடுபனியும் வானை மறைப்பன, அவை விலகும். மலர்த்தோட்டக் கொட்டகைகளில் இரவெல்லாம் எரியும் விளக்கொளியோ தானே விலகாது. இருள் எஞ்சியுள்ள சரிவுகளை நாடிச் செல்லுதல் வேண்டும். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடம் போதும். கருவி எதுவும் வேண்டுவதில்லை. நேரம், திசை, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் மாணவர் ஏட்டில் குறிக்கட்டும். புறநானூறு கற்பிக்கும் தமிழாசிரியர் அவ்விரவில் உடனிருப்பாராயின், கூடலூர் கிழார் விட்டுச்சென்ற இரண்டாம் கூறு நம் பிள்ளைகளின் கையில் சேரும்.