சக்கை, தக்கை, கல்பஞ்சு: பொம்மை ரயிலின் சத்தத்தை அடக்கின கதை

டிசம்பர் மாசம் கோபன்ஹேகன்ல மதியம் மூணே முக்காலுக்கெல்லாம் இருட்டிடும். வகுப்பு முடிஞ்சு ரூமுக்கு வந்தா பொழுது போகாது. அதனால பழைய சாமான் சந்தையில ஒரு பெட்டி நிறைய தகரத் தண்டவாளமும் ஒரு எஞ்சினும் நாலு பெட்டியும் வாங்கிட்டு வந்தேன். ஒரு பிளைவுட் பலகை மேல வட்டமா வெச்சு, திருகு போட்டு இறுக்கி, ஓட விட்டேன். ரயில் மூணு சுத்து சுத்தறதுக்குள்ள கீழ்வீட்டுப் பாட்டி மாடி ஏறி வந்துட்டாங்க. திட்டல. "ராத்திரியில தையல் மெஷின் ஓட்டறியாப்பா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

மரத்தளம் போட்ட பழைய கட்டடம். இன்னொரு தடவை அவங்க படியேறி வந்தா, ஒண்ணு ரயில் மூட்டை கட்டணும், இல்ல நான் மூட்டை கட்டணும். ஆக, பலகைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல என்ன வைக்கறதுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினதுல கிடைச்சது ஒரு சரித்திரம்!

முதல்ல, சத்தம் எங்கேருந்து வருது? வீணையை நினைச்சுக்கோங்க. தந்தி மட்டும் தனியா அதிர்ந்தா பக்கத்துல இருக்கறவருக்குக்கூட சரியா கேட்காது. குதிரை வழியா அந்த அதிர்வு பலாமரக் குடத்துக்கு இறங்கினாத்தான் சபை முழுக்கக் கேட்கும். என் ரயில்லயும் அதே கதைதான். சக்கரம்தான் மீட்டற விரல், தண்டவாளம் தந்தி, நான் போட்ட திருகு குதிரை, பிளைவுட் பலகை குடம். ரெண்டு மணி நேரம் கஷ்டப்பட்டு ஒரு நல்ல வாத்தியம் செஞ்சு வெச்சிருந்தேன்!

இந்தத் தப்பை நான் மட்டும் பண்ணலைங்கறது ஒரு ஆறுதல். இங்கிலாந்தின் பெரிய பொறியாளர் புருனெல் 1838-ல திறந்த கிரேட் வெஸ்டர்ன் ரயில்பாதையில, தண்டவாளத்துக்கு அடியில நீளவாக்குல மரம் வெச்சு, அதை மண்ணுல அடிச்ச மர முளைகளோட இறுக்கிக் கட்டினார். அசையாம இருந்தா நல்லதுன்னு கணக்கு. நடந்தது வேற. முளைகளுக்கு நடுவுல மண் இறங்கிடுச்சு, முளை இருந்த இடம் மட்டும் தூக்கிக்கிட்டு நின்னுது. பயணிகளுக்குக் குலுக்கலோ குலுக்கல். கடைசியில அந்த முளைகளை வெட்டி விட்டாங்க. ரயிலுக்கு அடியில கொஞ்சம் நெகிழ்வு வேணும்னு நிஜ ரயில் அன்னிக்கே கத்துக்கிச்சு. கட்டையும் ஜல்லியும் இன்னிக்கும் அந்த வேலையைத்தான் செய்யுது.

பொம்மை ரயில் இந்தப் பாடத்தைப் படிக்க ரொம்ப நாள் ஆச்சு. ஏன்னா அது பொறந்ததே தரை மேலயும் சாப்பாட்டு மேஜை மேலயும் ஓடிட்டு, திரும்பப் பெட்டிக்குள்ள போறதுக்குத்தான். ஜெர்மனியின் மேர்க்லின் 1935-ல சின்ன அளவு ரயிலைக் கொண்டுவந்தப்போ, தகரத்துல ஜல்லி படம் அச்சடிச்ச படுகையோடதான் தண்டவாளம் வந்துச்சு. டென்மார்க்கின் சொந்தச் சரக்கான லெகோ ரயிலும் 1966-ல தரையில ஓடற சாமானாத்தான் வந்துச்சு. கம்பளத்து மேல ஓடினா பெருசா சத்தம் இல்லை. எப்போ பெரியவங்க "இது நிரந்தரமா இருக்கட்டும்"னு பலகையில அடிச்சு இறுக்கினாங்களோ, அப்போ பொறந்தது இந்தத் தலைவலி.

அப்போ அவங்க கையில கிடைச்ச மருந்தெல்லாம் வேற தொழிலோட கழிவுங்கறதுதான் சுவாரசியம்.

முதல்ல தக்கை. பாட்டில் மூடி வெட்டினது போக மிஞ்சின தக்கைத் தூளை என்ன பண்றதுன்னு தெரியாம இருந்தாங்க. 1860-கள்ல அதை ஆளி விதை எண்ணெயோட கலந்து லினோலியம் தரைவிரிப்பு பண்ணினாங்க. 1890-கள்ல சூடு பண்ணி அமுக்கினா தூள் தானாவே ஒட்டிக்கும்னு தெரிஞ்சு, தக்கைப் பலகை வந்துச்சு. காத்து அடைச்ச கோடிக்கணக்கான அறைகள், அமுக்கினாலும் பக்கவாட்டுல பிதுங்காது. ரயிலுக்கு அடியில போட இதைவிட என்ன வேணும்?

ரெண்டாவது பழைய பேப்பர். அமெரிக்காவுல டிரென்டன் ஊர்ல 1909-ல ஆரம்பிச்ச ஒரு கம்பெனி, பழைய பேப்பரைக் கூழாக்கி அமுக்கிப் பலகை போட்டுச்சு. பின்னாடி ஹோமசோட்னு பேர் வந்துச்சு. அதை முதல்ல வாங்கினதே ரயில்வேக்காரங்கதான், பெட்டிகளுக்கு உள்பக்கம் அடிக்கறதுக்கு. பிற்பாடு அதே பலகை பொம்மை ரயிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சு. மூணாவது கரும்புச் சக்கை. 1920-கள்ல லூசியானாவுல சக்கையிலேருந்து செலோடெக்ஸ்னு பலகை வந்துச்சு, சத்தம் குறைக்க கூரையிலயும் அடிச்சாங்க. நம்ம ஊர்ல புகளூர்ல 1979-ல தொடங்கின காகித ஆலை அதே சக்கையிலேருந்து பேப்பர் பண்ணுது. சக்கைன்னு யாரும் கேவலமா பேசாதீங்க!

இங்க டென்மார்க்குல ஹோமசோட் கடையில கிடைக்கறதில்லை. இங்க உள்ளது மசோனைட். அமெரிக்காவுல 1924-ல வில்லியம் மேசன் மரச்சிராயை நீராவியில வெடிக்க வெச்சு நாராக்கினார். 1929-ல பக்கத்து நாடான ஸ்வீடன்ல அதுக்கு ஆலை வந்துடுச்சு. அழுத்திச் செஞ்சா கெட்டி மசோனைட். அழுத்தாம விட்டா மென்மையான மசோனைட். குண்டூசி குத்தற அறிவிப்புப் பலகைக்கெல்லாம் இந்த மென்மையானதுதான்.

இன்னொரு சமாசாரம் இந்த நாட்டுக்கே உரியது. இப்போதைய டென்மார்க்கின் முதல் ரயில்பாதை 1847-ல கோபன்ஹேகன்லேருந்து ரோஸ்கில்டவுக்குப் போட்டது. (நம்ம ராயபுரத்துலேருந்து ரயில் கிளம்பினது 1856-ல. ஒன்பது வருஷம்தான் வித்தியாசம்.) அந்தப் பாதையில ஹேடஹூசனேன்னு ஒரு ஊர். 1937-ல அங்கதான் ராக்வூல் கம்பெனி கல்லை உருக்கி, நூலா சுத்தி, பஞ்சாக்க ஆரம்பிச்சுது. நாட்டோட முதல் ரயில் போற வழியிலேயே, ரயில் சத்தத்தை உறிஞ்சற பஞ்சும் தயாராச்சு! ஆனா இந்தக் கல்பஞ்சைத் தண்டவாளத்துக்கு நேர் அடியில வைக்கக்கூடாது. உதிர்ற நார் எஞ்சின் பல்சக்கரத்துல புகுந்துக்கும், கையும் அரிக்கும். மேஜைக்கு அடியில சட்டத்துக்குள்ள துணி சுத்தி வெச்சா, உள்ளே எதிரொலிக்கறது குறையும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய வீட்டு நிலவறையில சாம்பல் நிறத்துல கெட்டிப் பலகை ஏதாவது சும்மா கிடைச்சா எடுக்காதீங்க. கல்நாராவும் இருக்கலாம். வெப்பக் காப்புக்குக் கல்நார் போடறதை டென்மார்க் 1972-லயே தடை பண்ணிச்சு. அதுக்கு முந்தின கட்டடங்கள்ல இன்னும் இருக்கு. இலவசமா கிடைக்குதேன்னு அறுத்தா நுரையீரல்தான் விலை.

சரி, எதை வைக்கறது? மெத்துன்னு இருந்தா போதும்னு நான் முதல்ல நினைச்சேன். யோகா பாயை வெட்டி வெச்சுப் பார்த்தேன். சத்தம் பெருசா குறையல, வண்டி மட்டும் ஆடி ஆடித் தடம் புரண்டுது. காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. மெத்தை அதிர்வைத் தடுக்கணும்னா அது மேல கனம் உட்காரணும். தண்டவாளம் இறகு மாதிரி லேசு. அதனால மெத்தையோட சேர்ந்து தானும் ஆடும். கனத்தோட பலம் என்னன்னு நம்ம மிருதங்க வித்வானைக் கேளுங்க. இடந்தலையில ரவையைப் பிசைஞ்சு ஒட்டினதும் சுருதி கீழே இறங்கிடும். அதே கணக்கு இங்கயும்: மேல கனம், அடியில மெத்து, ரெண்டையும் துளைச்சுப் போற ஆணி கிடையாது. இதே காரணத்தாலதான் வெறும் தெர்மோகோல் ஏமாத்திடுது. அது லேசு, அதே சமயம் விறைப்பு. அசல் தோல் வாத்தியம்!

ஒலியை அளக்கற கருவிக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கின புரூயல் அண்ட் கேர் கம்பெனியும் 1942-ல டென்மார்க்குலதான் ஆரம்பிச்சுது. டெசிபல் கணக்கு கொஞ்சம் விசித்திரம். ரெண்டு ரயில் சேர்ந்து ஓடினா ஒண்ணைவிட மூணு டெசிபல்தான் கூடும். ஆனா காதுக்குப் பாதியாக் கேட்கணும்னா சுமார் பத்து டெசிபல் குறைக்கணும். அதனால ஒரு அடுக்கு வெச்சுட்டு அற்புதம் நடக்கும்னு எதிர்பார்க்கக்கூடாது.

கடைசியா நான் போட்டது இதுதான். ஒன்பது மில்லி பிளைவுட், அது மேல பன்னிரண்டு மில்லி மென்மையான மசோனைட், அது மேல தக்கைப் பட்டை, அப்புறம் தண்டவாளம். எல்லாமே ரப்பர் பால் பசையில. ஜல்லி தூவி வெள்ளைப் பசை ஊத்தறதுதான் வழக்கம், ஆனா அது காஞ்சா கல்லாயிடும். பக்கவாட்டுல வழிஞ்சு பலகையைத் தொட்டுச்சுன்னா தக்கை போட்டும் வீண், புருனெல் அடிச்ச முளைதான் திரும்ப வரும். மேஜைக் காலுக்கு ரப்பர் பாதம். திருகு? ஒண்ணுகூட இல்லை.

போன வாரம் படிக்கட்டுல பாட்டியைப் பார்த்தேன். "தையல் மெஷினை வித்துட்டியா?"ன்னு கேட்டாங்க. "வாங்க, காட்டறேன்"னு கூட்டிட்டுப் போனேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பேரனையும் கூட்டிட்டு வர்றாங்களாம். ஸ்டேஷன் கட்டடம் இன்னும் ஒட்டி முடியல, வேலை கிடக்கு. வர்ட்டா?